கியர் லிவர் ஆடுகிறது, கழற்றிப் பார்க்கலாமா?

கேள்வி: ஜனவரி 6, மாலை

பின் சக்கரம் இழுக்கும் பழைய கார், ஐந்து கியர். லிவர் சேற்றில் நட்ட குச்சி மாதிரி ஆடுகிறது. மூன்றாவது கியரில் போகும்போது அதிர்ந்து சத்தம் போடுகிறது, கையை வைத்தால் நிற்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் சில நேரம் ஐந்தில் விழுகிறது. கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். லிவரை மட்டும் நானே கழற்றிப் பார்க்கலாமா? கழற்றினால் திரும்ப மாட்ட முடியுமா?

ஜனவரி 6, இரவு

கழற்றலாம். மாட்டவும் முடியும். கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் லிவரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. என் காரில் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை ஒரு நாள் முழுக்கப் போனது. இரண்டாம் முறை ஒன்றரை மணி நேரம்.

லிவர் எந்தப் பல்சக்கரத்தையும் தொடுவதே இல்லை. முன்னோக்கி ஓடும் கியர்கள் எல்லாம் உள்ளே எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுற்றுகின்றன. லிவரின் அடி நுனி கியரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கம்பியை, அதாவது செலக்டர் ராடைப் பிடித்து முன்னோ பின்னோ தள்ளும். ராடில் உள்ள ஃபோர்க், அதாவது கவை, ஒரு ஸ்லீவை, அதாவது தண்டின் மேல் நகரும் வளையத்தைத் தள்ளும். அந்த ஸ்லீவ் போய்ப் பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும். கைக்கும் கியருக்கும் நடுவில் இத்தனை பேர் இருக்கிறார்கள். முதல் ஆள் தளர்ந்துவிட்டான் என்பதற்காகக் கடைசி ஆளைக் குற்றம் சொல்லக் கூடாது.

ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து, மூன்றாவது கியர் போடுங்கள். குமிழை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். ஒரு பிடிப்பும் இல்லாமல் கொஞ்ச தூரம் சும்மா போய், அப்புறம்தான் கெட்டியாக ஏதோ ஒன்றில் முட்டுகிறதா? அப்படியானால் தேய்ந்தது லிவரின் அடியில் இருக்கும் புஷ், அதாவது லிவர் நுனியை ஆட்டம் இல்லாமல் பிடிக்கும் நைலான் உறைதான். கியர் போடும்போது கரகரவென்று பல் உரசினால் அது வேறு கதை: கிளட்ச் முழுதாக விடவில்லை, அல்லது சிங்க்ரோ (பூட்டுவதற்கு முன் பல்சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும் அமைப்பு) தேய்ந்துவிட்டது. அதற்கு லிவரைக் கழற்றிப் பயனில்லை. ரிவர்ஸில் மட்டும் உரசினால் பயப்படாதீர்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட்டால் போதும்.

கையை வைத்ததும் சத்தம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது புஷ் பக்கம்தான் கை காட்டுகிறது.

ஜனவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தபோது எனக்கு மனசு லேசானது. என் லிவரை வெளியே எடுத்து அளந்தேன். லிவர் கிண்ணத்தில் ஊன்றி ஆடும் குண்டுக்கு மேலே குமிழ் வரை 32 செ.மீ., குண்டுக்குக் கீழே நுனி வரை 4 செ.மீ. எட்டு மடங்கு. அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் மேலே கைக்கு 12 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். கையில் தெரிகிற ஆட்டத்தை வைத்து உள்ளே எல்லாம் உதிர்ந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். கீழே போய்ப் பார்த்தால் நகத்தின் தடிமன் அளவு நைலான் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஜனவரி 7, காலை

சரி, கழற்றும் வேலை. உங்கள் காரில் லிவர் நேராகக் கியர் பாக்ஸ் தலையில் உட்காரும் வகை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வண்டியை நியூட்ரலில் போடுங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் குமிழ். அடியில் லாக் நட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு குமிழை இடப்பக்கம் சுற்றினால் வந்துவிடும். பிறகு தோல் உறை. அதன் அடிச்சட்டம் கன்சோலில் கிளிப்பால் பிடித்திருக்கும். துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மூலையைக் கிளப்பினால் மற்ற மூன்றும் தாமாக விடும். அதற்குக் கீழே தடித்த ரப்பர் பூட், அதாவது ரப்பர் உறை, நாலு ஸ்க்ரூ. அதற்கும் கீழே லிவரின் கழுத்தைப் பிடித்தபடி இன்னொரு சின்ன பூட். இதைப் பலர் கவனிப்பதில்லை. அது கிழிந்திருந்தால் கியர் பாக்ஸின் சூடும் எண்ணெய் வாடையும் நேராக வண்டிக்குள் வரும்.

இங்கே நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். பழைய பெயிண்ட் பிரஷால் மண்ணைத் தள்ளி, ஈரத் துணியால் சுற்றிலும் துடைத்து, ஒரு மணல்கூட இல்லாதபடி செய்த பிறகே மேலே போக வேண்டும். அடுத்து திறக்கப் போவது கியர் பாக்ஸின் வாய். அங்கே விழுவது எதுவும் தானாக வெளியே வராது.

லிவரைப் பிடித்திருக்கும் மூடி மூன்று விதமாக இருக்கும். போல்ட் போட்ட தகடு ஒன்று. சர்க்ளிப் என்ற திறந்த வளையக் கிளிப் ஒன்று. அழுத்தித் திருப்பிக் கழற்றும் மூடி ஒன்று. இதற்கடியில் கெட்டியான ஸ்பிரிங் இருக்கும், எனவே இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தியபடி திருப்பி, அழுத்தத்தை விடாமல் மெல்ல மேலே வர விட வேண்டும். பட்டென்று விட்டால் மூடி முகத்துக்கே வரும்.

மூடி வந்ததும் லிவரை நேராக மேலே தூக்குங்கள். அதிலிருந்து வரும் வாஷர், ஸ்பிரிங், கிண்ணம் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லிவரில் வளைவு இருந்தால் முன்பக்கம் எது என்று பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். சில கார்களில் முன்னும் பின்னும் மாற்றி மாட்டினாலும் உட்கார்ந்துவிடும், அப்புறம் ஐந்தாவது கியரில் கை சீட்டில் இடிக்கும்.

தூக்கிய அந்த நிமிடமே வாயைத் துணியால் மூடிவிடுங்கள். துணி கைக்குட்டையைவிடப் பெரிதாக இருக்கட்டும். சின்னத் துணி உள்ளே போய்விடும்.

ஜனவரி 7, பத்து நிமிடம் கழித்து

முதலில் எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருக்க வேண்டும். கியரில் நிறுத்தும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் இந்த வேலையில் வண்டி நியூட்ரலில் இருக்கும், கியர் அதைப் பிடித்து நிறுத்தாது.

ஏர்பேக் உள்ள காரில் கன்சோலையும் கழற்ற வேண்டியிருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தரையோடு போல்ட் போட்டிருக்கும். அதன் பக்கத்தில் சுத்தியல் வேண்டாம்.

ஜனவரி 8

கிரீஸ் எது போடுவது என்று கேட்டிருந்தீர்கள். கையில் இருக்கும் எந்த கிரீஸும் சரிதான். குண்டில் ஒரு பூச்சு, கிண்ணத்தில் ஒரு பூச்சு.

ஜனவரி 9

நேற்று எழுதியது தவறு, திருத்துகிறேன். குண்டுக்கும் நைலான் கிண்ணத்துக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ் சரிதான். ஆனால் அதே விரலால் வெளி ரப்பர் பூட்டையும் தொட்டுவிடுவோம். பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் இயற்கை ரப்பரை ஊற வைத்துவிடும். என் முதல் முறையில் பூட்டின் விளிம்பு வழுக்கி உட்காரட்டும் என்று அதே கிரீஸைத் தடவினேன். ஒரு வருடம் கழித்துத் திறந்தபோது விளிம்பு உப்பி, அலை அலையாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ். அது இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் தொட்டு மாட்டுங்கள், காய்ந்துவிடும்.

ஜனவரி 10, மாலை

நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். மூன்று போல்ட் தகடு, அடியில் தொப்பி மாதிரி ஒரு நைலான் புஷ், அது துண்டு துண்டாக. நான் நினைத்ததுதான். கியர் பாக்ஸை இறக்க வேண்டாம்.

ஆனால் புதிய புஷ்ஷை மாட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பழைய உருவம் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். என்னுடையதும் இப்படித்தான் உடைந்திருந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது தேன் நிறத்துக்கு வந்து, விரலால் அழுத்தினாலே பொருக்குப் போல ஒடிந்தது. ஐந்து துண்டு கிடைத்தது. மேஜையில் வைத்து ஒன்றோடொன்று பொருத்தினேன். கிண்ணத்தின் விளிம்பில் நகக்கீற்று அளவுக்கு ஒரு பிறை குறைந்தது.

அந்தப் பிறை எங்கே? டார்ச் அடித்துப் பார்த்தால் கீழே எண்ணெய் பளபளக்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. காந்தம் நைலானை இழுக்காது. கடைசியில் நீளமான குச்சியின் நுனியில் கெட்டி கிரீஸை உருட்டி வைத்து, வாயின் ஓரச் சந்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். ஏழெட்டுத் தடவை வெறும் கறுப்பு எண்ணெய். அதற்கடுத்த தடவை நுனியில் பிறை ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மேஜையில் அதன் இடத்தில் வைத்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

நைலான் துண்டு உள்ளே போனால் பல்சக்கரம் உடையாது, மென்றுவிடும் என்பார்கள். மென்றதெல்லாம் எண்ணெயோடு எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. தேடி எடுத்துவிடுங்கள்.

ஜனவரி 10, இரவு 11 மணி

"புது புஷ் போட்டாயிற்று, துண்டுகளும் எல்லாம் கிடைத்துவிட்டன. ஆனால் லிவர் உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் தட்டி இறக்கலாமா?"

தட்டாதீர்கள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். என் ஒரு நாள் போனது இந்த இடத்தில்தான்.

லிவரின் நுனி இறங்க வேண்டிய இடம் ஒரே குழி கிடையாது. பல பெட்டிகளில் மூன்று ராடுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. நியூட்ரலில் மூன்று வெட்டுகளும் ஒரே கோட்டில் நிற்கும், அப்போதுதான் லிவர் நுனி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குறுக்கே நகர முடியும். துடைக்கும்போதோ துண்டு தேடும்போதோ ஒரு ராடைக் கை தெரியாமல் தள்ளிவிட்டால் கோடு உடைந்துவிடும். நீங்கள் நியூட்ரலில்தான் கழற்றினீர்கள். ஆனால் கழற்றிய பிறகு அது நியூட்ரலிலேயே இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

டார்ச்சை வாய்க்குள் சாய்வாக அடியுங்கள். மூன்று வெட்டுகளில் எது விலகி நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு நடு ராடு விரல் அகலம் பின்னால் போயிருந்தது. பெரிய ஸ்க்ரூ டிரைவரை வெட்டுக்குள் விட்டு, நெம்பாமல், மெல்ல முன்னால் தள்ளினேன். உள்ளே ஸ்பிரிங்கில் உட்காரும் ஒரு குண்டு ராடின் பள்ளத்தில் 'டொக்' என்று விழுந்தது. சத்தம் சின்னதுதான், ஆனால் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வழியாகக் கைக்குத் தெரிந்தது. அதன் பிறகு லிவர் அதன் எடையிலேயே இறங்கிவிட்டது.

பக்கத்து ராடு அசையவே மாட்டேன் என்றால் அதையும் வற்புறுத்தாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் இருக்க ராடுகளுக்கு நடுவே பூட்டு உண்டு. ஒன்று நகர்ந்திருந்தால் மற்றவை பூட்டிக்கொள்ளும். விலகியதைத் திருப்பினால்தான் மற்றவை விடும்.

உங்கள் பெட்டியில் மூன்று ராடுக்குப் பதில் ஒரே தண்டு இருந்து, அதன் தலையில் ஒரு கிண்ணம் மட்டும் தெரிந்தால், அந்தக் கிண்ணம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். நேராக வானத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள்.

நியூட்ரல் வந்துவிட்டதா என்று சந்தேகம் இருந்தால்: கிளட்சை மிதிக்காமல், ஆள் ஒருவரைப் பிரேக் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டையை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். உருண்டால் நியூட்ரல். கல் மாதிரி நின்றால் ஏதோ ஒரு கியர் விழுந்திருக்கிறது.

ஜனவரி 11, அதிகாலை

இறங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. தூங்குங்கள்.

ஜனவரி 11

இறுக்குவது பற்றி. தகட்டின் அடியில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அட்டை) இருந்திருந்தால் புதிது போடுங்கள். அந்த போல்ட்கள் 6 மி.மீ. மரை கொண்டவை என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது சின்ன ஸ்பேனரால் மணிக்கட்டு பலம் மட்டும். போல்ட் இரும்பு, அது ஏறும் உடல் அலுமினியம். போட்டி போட்டால் அலுமினியத்தின் மரைதான் போகும். மூன்றையும் கையால் ஓட்டிவிட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

உறை எதையும் மூடுவதற்கு முன் எஞ்சின் ஓடாமல், கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அந்த 'டொக்' கைக்குத் தெரிய வேண்டும். நியூட்ரலில் லிவரை இடமும் வலமும் தள்ளிவிட்டால் தானாக மூன்று-நாலு வரிசைக்கு வந்து நிற்க வேண்டும். நீங்கள் சொன்ன 'மூன்றுக்குப் போட்டால் ஐந்தில் விழுகிறது' என்பது இதோடு சேர்ந்தது. புஷ்ஷில் ஆட்டம் இருந்தால் நடுவுக்குத் தள்ளும் ஸ்பிரிங் என்ன தள்ளினாலும் லிவர் நடு இடத்தைக் கண்டுபிடிக்காது. புது புஷ் போட்டும் வரவில்லை என்றால் அந்த ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

ரிவர்ஸ் போட்டுப் பின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி ஒரு முறை.

சின்ன ரப்பர் பூட்டின் கழுத்தில் இருந்த, ஒரு முறை மட்டுமே பயன்படும் கிளிப்பை வெட்டியிருப்பீர்கள். அதற்குப் பதில் பிளாஸ்டிக் டை போட்டு நன்றாக இழுத்துக் கட்டிவிடுங்கள்.

ஜனவரி 12

குமிழைப் பற்றிப் பொதுவாக 'இடப்பக்கம் சுற்றினால் வரும்' என்று 7-ஆம் தேதி எழுதிவிட்டேன். எல்லாக் குமிழும் சுற்றி வராது. சிலது நேராக மேலே இழுத்தால் வரும் வகை. அதை இழுக்கும்போது முகத்தைக் குமிழுக்கு நேரே வைக்காதீர்கள், விடும்போது மூக்கில் இடிக்கும். ரிவர்ஸுக்காகத் தூக்கும் வளையம் உள்ளதில் வளையத்தின் கேபிளையோ குழலையோ முதலில் விடுவிக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் அது முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

மாற்றுக் குமிழ் வாங்குபவர்கள் மரையின் குறுக்களவை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஹோண்டாவில் வழக்கமாக 10 மி.மீ., மரை இடைவெளி 1.5. டொயோட்டாவில் 12 மி.மீ., இடைவெளி 1.25. பத்துக்குப் பத்துதானே என்று 1.25 இடைவெளிக் குமிழை 1.5 லிவரில் சுற்றினால் இரண்டு சுற்று ஏறி நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று பலமாகப் போட்டால் குமிழின் மரை வழித்துக்கொண்டு போகும்.

ஜனவரி 14

"எனக்கு முன் சக்கரம் இழுக்கும் கார். லிவரின் அடியில் இரண்டு கேபிள் தெரிகிறது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?"

பாதி பொருந்தும். உங்கள் காரில் லிவர் கியர் பாக்ஸைத் தொடுவதில்லை. ஒரு கேபிள் முன்-பின் அசைவைக் கொண்டுபோகிறது, இன்னொன்று இட-வல அசைவை. லிவரும் அதன் பெட்டியும் தரையில் நாலு போல்ட்டில் நிற்கும். எண்ணெய் வாய் எதுவும் திறக்காது, அந்த வகையில் உங்களுக்கு வேலை சுலபம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: திரும்ப மாட்டியபின் கேபிளின் நீளம் சரியாக அமைய வேண்டும்.

கேபிள் முனை ஒரு சின்ன உருண்டைமேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரை உருண்டைக்கு மிக அருகில் விட்டுத் திருப்பினால் 'பட்' என்று வரும். கேபிளைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் கண் உடையும். பழையதாக இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள், இளகும். வெளி உறை ஒரு யு வடிவக் கிளிப்பில் நிற்கும், மேல்நோக்கி இழுத்தால் வரும். எந்தக் கேபிள் எந்தப் பக்கம் என்று நிறம் வைத்துக் குறியுங்கள்.

மாட்டும்போது கியர் பாக்ஸ் முனையையும் நியூட்ரலில் வைக்க வேண்டும், லிவரையும் நியூட்ரலில் பூட்ட வேண்டும். லிவர் பெட்டியில் இதற்கென்றே ஒரு துளை இருக்கும் பல கார்களில், அதில் ஒரு கம்பியை விட்டால் லிவர் நகராது. கேபிளின் அட்ஜஸ்டர் பூட்டை விடுவித்து, அது தன் இடத்துக்கு வந்து நின்றதும் பூட்டுங்கள். கம்பியை எடுக்க மறக்காதீர்கள்.

சரியாக அமைந்ததா என்று கியர்களே சொல்லும். ஒன்று, மூன்று, ஐந்து நன்றாக விழுந்து, இரண்டும் நாலும் மட்டும் அரைகுறையாக விழுந்தால் முன்-பின் கேபிள் நீளம் பிசகியிருக்கிறது. மூன்றும் நாலும் சரியாக இருந்து, ஒன்று-இரண்டு வரிசையோ ஐந்து வரிசையோ கைக்கு அகப்படவில்லை என்றால் இட-வலக் கேபிள்.

ஜனவரி 14, இரவு

கேபிளும் இல்லாமல், ஒரே கம்பி போகும் முன் சக்கரக் கார்களும் உண்டு. அதில் கம்பியும் கியர் பாக்ஸ் தண்டும் சேரும் இடத்தில் ஒரு கிளாம்ப். அதைத் தளர்த்துவதற்கு முன் இரண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். கோடு போடாமல் கழற்றினால் ஒவ்வொரு கியராகத் தேடி அலைய வேண்டும்.

ஜனவரி 15

ஆட்டோமேட்டிக் பற்றி ஒருவர் கேட்டார். கேபிள் ஒன்றுதான், ஆனால் பிசகினால் ஆபத்து அதிகம். லிவர் 'பி'-யை (நிறுத்தும் நிலை) காட்டும்போது உள்ளே பூட்டு விழாமல் இருந்தால் வண்டி சரிவில் உருண்டுவிடும். மாட்டிய பிறகு 'பி'-யிலும் 'என்'-னிலும் (நியூட்ரல்) மட்டும் ஸ்டார்ட் ஆகிறதா, மற்ற இடங்களில் ஆகாமல் இருக்கிறதா, பிரேக்கை மிதிக்காமல் 'பி'-யிலிருந்து லிவர் நகர மறுக்கிறதா, மூன்றையும் பாருங்கள். ஒன்று தவறினாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

ஜனவரி 19

வேலை இல்லாத ஞாயிறு, கொஞ்சம் விலகிப் போகிறேன்.

லிவர் எப்போதும் தரையிலிருந்துதான் முளைக்க வேண்டும் என்று இல்லை. 1948-இல் வந்த சித்ரோயன் 2சிவி-யிலும் 1961-இல் வந்த ரெனோ 4-லிலும் லிவர் டாஷ்போர்டிலிருந்து குடைக் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்து, திருப்பி, தள்ளி கியர் போட வேண்டும். ரெனோ 4-ல் எஞ்சினுக்கு முன்னால் கியர் பாக்ஸ் இருப்பதால் கம்பி எஞ்சின் தலைக்கு மேலே நேராகப் போய்விடுகிறது. வழியில் வளைவுகள் கம்மி, தேயும் மூட்டுகளும் கம்மி. பார்க்க விநோதம், ஆனால் யோசித்தால் அதைவிட நேர்வழி கிடையாது.

1959-இன் மினியில் நேர்மாறு. கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் முன்னால் கிடக்கும், லிவர் அங்கிருந்தே நீண்டு சாய்ந்து ஓட்டுநர் கைக்கு வரும். மந்திரக்கோல் என்றே பெயர். அத்தனை நீளமான லிவரில் மேலே-கீழே விகிதத்தை எண்ணிப் பாருங்கள்; 6-ஆம் தேதி நான் போட்ட எட்டு மடங்குக் கணக்கு அங்கே நிற்காது.

சிங்க்ரோ இல்லாத காலத்தில் லிவரில் இத்தனை ஆட்டம் இருந்திருந்தால் ஓட்டவே முடிந்திருக்காது என்று அடிக்கடி நினைப்பேன். 1928-இல் கேடிலாக்கில் சிங்க்ரோ வருவதற்கு முன் வேகத்தைக் காதால் கணித்து, கையால் உணர்ந்து கியரைச் சேர்த்திருக்கிறார்கள். லிவர் அவர்களுக்குச் செவி மாதிரி.

ஜனவரி 27

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "ஆட்டம் போய்விட்டது, அதிர்வும் போய்விட்டது. ஆனால் நாலாவது கியரில் கையை எடுத்தால் சில நேரம் நியூட்ரலுக்குத் துள்ளி வந்துவிடுகிறது. முன்பு இப்படி இல்லை."

முன்பு இல்லாதது வேலை செய்த பிறகு வந்தால் வேலையில்தான் தேட வேண்டும். கியர் பாக்ஸைச் சந்தேகிப்பதற்கு முன் தோல் உறையையும் இரண்டு ரப்பரையும் தூக்கிவிட்டு, வெறும் லிவரோடு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

ஜனவரி 28

வெறும் லிவரில் துள்ளவில்லையாம். அப்படியானால் காரணம் நான்தான். 11-ஆம் தேதி 'பிளாஸ்டிக் டையை நன்றாக இழுத்துக் கட்டுங்கள்' என்று எழுதினேன். லிவர் நடுவில் இருக்கும்போது ரப்பர் பூட்டைக் கழுத்தில் இறுக்கக் கட்டினால், நாலாவதில் லிவர் பின்னால் சாயும்போது ரப்பர் முழுதாக நீண்டு, விறைத்து, லிவரை நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். புது ரப்பர் என்றால் இன்னும் பலமாக இழுக்கும். பள்ளத்தில் விழுந்த குண்டு பிடித்து நிற்கிறதுதான், ஆனால் ரோட்டின் அதிர்வும் ரப்பரின் இழுப்பும் சேர்ந்தால் ஒரு நேரம் விட்டுவிடும்.

சரியான முறை இது. டையைத் தளர்வாகப் போடுங்கள். லிவரை ஒன்று, இரண்டு, ஐந்து, ரிவர்ஸ் என நாலு மூலைக்கும் கொண்டுபோங்கள். பூட் தன் இடத்தைத் தானே தேடிக் கழுத்தில் மேலோ கீழோ நகர்ந்துகொள்ளும். முறுக்கு இருந்தால் விரலால் திருப்பி விடுங்கள். நாலு மூலையிலும் ரப்பரில் இன்னும் ஒரு மடிப்பு மிச்சம் இருக்கிறது என்று பார்த்த பிறகு டையை இறுக்குங்கள், அதுவும் தூசி போகாத அளவுக்கு மட்டும்.

தோல் உறைக்கும் இதே விதி. சட்டத்தை அரைத் திருப்பு மாறி மாட்டியிருந்தால் தையல் ஒரு பக்கம் இழுக்கும்.

பிப்ரவரி 2

"லிவரைத் தூக்கியபோது வாயில் எண்ணெய் நின்றது, துடைத்துவிட்டேன். சரிதானா?"

காரைப் பொறுத்தது. பல கார்களில் அது உள்ளிருந்து தெறித்தது, துடைத்தால் குற்றமில்லை. ஆனால் மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் இரண்டு தலைமுறைகளில் லிவர் உட்காரும் கோபுரத்துக்கென்றே தனியாகக் கொஞ்சம் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும், சுமார் 90 மில்லி. அது கியர் பாக்ஸ் எண்ணெயோடு சேர்ந்ததல்ல, கீழே வடித்து மாற்றினாலும் மேலே உள்ளது அப்படியே இருக்கும். துடைத்தவர் திரும்ப ஊற்ற வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் லிவர் பக்கத்தைப் புரட்டி, எண்ணெய் அளவு எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 5

டை சரியானதும் நாலாவது கியர் துள்ளாமல் நிற்கிறது என்று முதலில் கேள்வி கேட்டவரிடமிருந்து தகவல். பழைய புஷ்ஷின் துண்டுகளை ஒட்டி உள் விட்டத்தை அளந்து அனுப்பியிருக்கிறார்: புதியதைவிட 1.8 மி.மீ. அதிகம். அவருடைய லிவர் என்னுடையதைவிடக் கொஞ்சம் குட்டை, மேலே 28 செ.மீ., கீழே 4. ஏழு மடங்கு. கைக்கு வந்த ஆட்டம் 12.6 மி.மீ. என்று கணக்கு சொல்கிறது. கழற்றுவதற்கு முன் ஸ்கேல் வைத்து அவர் அளந்தது 13.